அமைதியான பிள்ளை: ஒதுங்குகிறதா, ஒதுக்குகிறார்களா?

சாக்பீஸ்

வணக்கம். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கேள்வி. மனநலத் துறையில் இருப்பவர்களும் பதில் சொன்னால் நல்லது.

35, 40 பேர் இருக்கும் வகுப்பில் எப்படியும் மூன்று நான்கு பிள்ளைகள் யாரோடும் ஒட்டாமல் இருப்பார்கள். சத்துணவு மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவார்கள். "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று சொல்லிவிட்டு நாமும் நகர்ந்துவிடுகிறோம்.

இதில் எது சுபாவம், எது கவலைப்பட வேண்டியது? பிற்காலத்தில் மனநலச் சிக்கல் வரும் என்கிறார்களே, அதற்கு ஆதாரம் எவ்வளவு கெட்டி? மருத்துவரிடம் அனுப்பும் முன் பள்ளிக்குள்ளேயே என்ன செய்யலாம்? "அன்பு காட்டுங்கள்" மாதிரி பதில் மட்டும் வேண்டாம்.

வேப்பம்பூ (பள்ளி ஆலோசகர்)

சார், "ஒட்டாமல் இருப்பது" என்பதற்குள் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. வகுப்பு தள்ளிவைத்த பிள்ளை ஒன்று. தானே தள்ளி நிற்கிற பிள்ளை இன்னொன்று. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் வேறு வேறு. அதனால் முதல் வேலை பிரித்துப் பார்ப்பது. அதை ஆசிரியரின் கண் சரியாகச் செய்யாது, பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

பி.எட்.டில் சோசியோகிராம் (வகுப்பில் யாருக்கு யாரைப் பிடிக்கும் என்ற வரைபடம்) வரைந்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினோமே, அதேதான். மனநல மருத்துவர் மோரேனோ 1930களில் தொடங்கிவைத்தது. 1982இல் கோயி, டாட்ஜ், கோப்போடெல்லி மூவரும் அதை எண்ணாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மிகவும் பிடித்த மூவர், பிடிக்காத மூவர் என்று ரகசியமாக எழுத வேண்டும். கணக்கு இப்படி:

ஒவ்வொருவருக்கும் விழுந்த "பிடிக்கும்" ஓட்டு, "பிடிக்காது" ஓட்டு இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். அதிலிருந்து வகுப்புச் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குதான். இப்போது இரண்டு திட்ட மதிப்புகள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் விருப்ப மதிப்பு. இரண்டையும் கூட்டினால் கவன மதிப்பு, அதாவது பிள்ளை வகுப்பின் கண்ணில் படுகிறதா இல்லையா என்பது. இவை இரண்டையும் மறுபடி ஒருமுறை திட்டப்படுத்த வேண்டும், அதாவது அதே போலச் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். இந்த இரண்டாவது சுற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உதாரணம்: 36 பேர், எல்லோரும் மூன்று பெயர் எழுதினால் சராசரி இரண்டிலும் 3. திட்ட விலக்கம் "பிடிக்கும்" பக்கம் 2, "பிடிக்காது" பக்கம் 2.5 என்று வைப்போம். ஒரு பையனுக்குப் பிடிக்கும் 0, பிடிக்காது 9. திட்ட மதிப்புகள் −1.5, +2.4. வித்தியாசம் −3.9. மறுபடி திட்டப்படுத்தியதும் −1க்குக் கீழே போனால் இவன் "தள்ளப்பட்டவன்". இன்னொரு பெண்ணுக்கு 0, 0. திட்ட மதிப்புகள் −1.5, −1.2. கூட்டினால் −2.7. மறுபடி திட்டப்படுத்தியதும் கவன மதிப்பு −1க்குக் கீழே போனால் இவள் "கவனிக்கப்படாதவள்". இவளை யாரும் வெறுக்கவில்லை. இருப்பதே ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், கவனிக்கப்படாத நிலை பெரும்பாலும் நிலைக்காது. அடுத்த வருஷம் வகுப்பு மாறினால், பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் மாறிவிடும். தள்ளப்பட்ட நிலை அப்படிக் கரையாது. புது வகுப்புக்குப் போனாலும் சில வாரங்களில் அதே இடத்தில் வந்து நிற்கும்.

கரும்பலகை

பிடிக்காத மூவர் பெயரை எழுதச் சொல்வது சரியா மேடம்? எழுதி முடித்ததும் "நீ யார் பேரை எழுதின?" என்று ஆரம்பித்துவிடும். பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள்.

வேப்பம்பூ

நியாயமான பயம். அதற்கு மாற்று வழி இருக்கிறது. வகுப்புப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவரோடு விளையாட எவ்வளவு பிடிக்கும்" என்று 1 முதல் 5 வரை வட்டமிடச் சொல்வது. சின்ன வகுப்பு என்றால் எண்ணுக்குப் பதில் முகப் படங்கள். யாரையும் "பிடிக்காது" என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கிடைத்த சராசரி 2க்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. இது நடைமுறைக்கு நான் வைக்கும் கோடு, ஆய்வுக் கோடு இல்லை. இதோடு "பிடித்த மூவர்" மட்டும் எழுதச் சொல்லுங்கள். யாருமே எழுதாத பெயர்களும் தனியாகத் தெரிந்துவிடும்.

வழக்கமாகக் கெடுவது இவற்றில்தான்:

- இன்டர்வலுக்கு முந்தைய பீரியடில் நடத்துவது. வெளியே போனதும் அதே பேச்சு. உடனே கணக்குப் பாடமோ தேர்வோ இருக்கிற நேரமாகப் பார்த்து நடத்துங்கள்.
- அன்றைக்கு வராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைதான் பெரும்பாலும் நாம் தேடும் பிள்ளை.
- தாளை மேசை மேல் விட்டுவிட்டுப் போவது. பெயருக்குப் பதில் எண் போடுங்கள், எண்–பெயர்ப் பட்டியல் தலைமையாசிரியர் பீரோவில் இருக்கட்டும்.
- ஒரே முறை எடுத்து முடிவு கட்டுவது. முந்தின நாள் சண்டை கூட எண்ணிக்கையை ஆட்டிவிடும்.

முன்கூட்டிப் பெற்றோருக்குக் கடிதம், தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி இரண்டும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பழைய_மணி

இதெல்லாம் மேல்நாட்டு வழக்கம். நம் பிள்ளைகள் வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும். கூச்சம் ஒரு நோயா?

மருந்துச்சீட்டு (மனநல மருத்துவம்)

கூச்சம் நோயே இல்லை ஐயா. நிறையப் பேருக்குத் தானாகச் சரியாகவும் செய்கிறது. சரியாகாமல் போவது யாருக்கு என்பதுதான் கேள்வி. சாக்பீஸ் ஆதாரம் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய ஆதாரம்: நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரம். எமரி கோவன் குழு 1973இல் வெளியிட்டது. மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளிடம் "ஒரு நாடகம் போடுகிறோம், நல்ல பாத்திரத்துக்கு யார், கெட்ட பாத்திரத்துக்கு யார்" என்று கேட்டு வைத்திருந்தார்கள். 11 முதல் 13 ஆண்டுகள் கழித்து, அந்த வட்டாரத்து மனநலச் சிகிச்சைப் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தார்கள். மதிப்பெண், வருகைப் பதிவு, ஆசிரியர் கருத்து எல்லாவற்றையும்விட, எட்டு வயதுச் சக பிள்ளைகள் சொன்னதுதான் அதிகமாக ஒத்துப்போனது. வேப்பம்பூ மேடம் "பிள்ளைகளிடம் கேளுங்கள்" என்பதற்குப் பின்னால் இது இருக்கிறது.

நீண்டகால ஆதாரம்: பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைத் தொடரும் ஆய்வு. 7 வயதிலும் 11 வயதிலும் பிள்ளை மற்ற பிள்ளைகளால் சீண்டப்படுகிறதா (புல்லியிங்) என்று பெற்றோரிடம் கேட்டிருந்தார்கள். 7,771 பேர். 28 சதவீதம் எப்போதாவது, 15 சதவீதம் அடிக்கடி. தக்கிசாவா, மாகன், ஆர்செனோ 2014இல் எழுதியதன்படி, அடிக்கடி சீண்டப்பட்டவர்களுக்கு நடுவயதில் மனச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் (odds ratio, 1 என்றால் மற்றவர்களோடு வித்தியாசம் இல்லை) 1.95, பதற்ற நோய்களுக்கு 1.65. ஐம்பது வயதிலும் தடம் தெரிகிறது.

மூன்றாவது: வட கரோலினாவில் கோப்லாண்ட், வோல்கே முதலியோர், 2013. 1,420 பிள்ளைகள். சீண்டப்பட்டவர் மட்டும் 335, சீண்டியவர் மட்டும் 112, இரண்டுமானவர் 86, எதிலும் இல்லாதவர் 887. இருபதுகளின் நடுப்பகுதி வரை பார்த்ததில், சீண்டப்பட்டவர்களுக்குப் பொதுப்பதற்ற நோய்க்கான விகிதம் 2.7, திடீர் பீதி நோய்க்கு 3.1. மோசமான நிலை அந்த 86 பேருக்கு: மனச்சோர்வு 4.8, பீதி நோய் 14.5. அடி வாங்கவும் செய்கிறான், திருப்பி அடிக்கவும் செய்கிறான் என்ற பிள்ளையைத்தான் நாம் "ரவுடி" என்று எழுதி முடிக்கிறோம். ஆபத்து அதிகம் இருப்பது அங்கேதான்.

நூல்கண்டு

14.5 என்று சொல்லி வாசிக்கிற பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைக்காதீர்கள் டாக்டர். 86 பேரை வைத்து வந்த எண். மனச்சோர்வுக்கான 4.8இன் நம்பிக்கை இடைவெளியே, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சே, 1.2இலிருந்து 19.4 வரை. "கூடுதல் என்பது தெரிகிறது, எவ்வளவு கூடுதல் என்பது தெரியவில்லை" என்றுதான் வாசிக்க வேண்டும். வாய்ப்பு விகிதம் என்பது "14 மடங்கு பேருக்கு வரும்" என்று அர்த்தமும் இல்லை. நோய் அரிதாக இருந்தால்தான் இரண்டும் நெருங்கி வரும்.

இன்னொன்று. ஏற்கெனவே பதற்றம் உள்ள பிள்ளையைத்தான் தேடிப்பிடித்துச் சீண்டுகிறார்கள் என்றால் எது காரணம், எது விளைவு?

மருந்துச்சீட்டு

ஒப்புக்கொள்கிறேன், இடைவெளியையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

காரணம்–விளைவுக்கு இரட்டையர் ஆய்வுகள் உதவுகின்றன. ஒரே கருமுட்டை இரட்டையரில் ஒருவர் மட்டும் சீண்டப்பட்ட ஜோடிகளை ஆர்செனோ குழு 2008இல் பார்த்தது. மரபணுவும் வீடும் ஒன்றே, ஆனாலும் சீண்டப்பட்டவரிடம் மனவாட்டமும் பதற்றமும் கூடுதல். அப்படியானால் சீண்டலுக்குச் சொந்தப் பங்கு உண்டு.

ஆனால் 2017இல் சிங்கம் முதலியோர் பிரிட்டிஷ் இரட்டையர் 11,108 பேரிடம் பார்த்தபோது, சீண்டலின் நேரடிப் பங்கு காலப்போக்கில் குறைந்தது. பதற்றத்தின் மேல் இருந்த தாக்கம் 2 ஆண்டு வரை தெரிந்தது, 5 ஆண்டில் மறைந்தது. பிறர் மேல் சந்தேக எண்ணம், சிந்தனைக் குழப்பம் இரண்டில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. எனவே "வாழ்க்கையே போச்சு" என்பதும் தப்பு, "தானாகச் சரியாகும், விடு" என்பதும் தப்பு. தழும்பு ஆறக்கூடியதுதான். ஆறவிடாமல் தினமும் அதே இடத்தில் கீறல் விழுகிறது, பிரச்சினை அதுதான்.

பழைய_மணி

சரி, படித்தேன். கூச்சத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

கிளிப்பேச்சு (பேச்சுப் பயிற்சியாளர்)

தானே தள்ளி நிற்கிற பிள்ளைகளில் நாலைந்து வகை உண்டு ஐயா. முதலில் காது. ஒரு காதில் சீழ் வந்து கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, சத்தமான வகுப்பில் பேச்சைத் தவறவிட்டு ஒதுங்கும். கேட்புச் சோதனை இல்லாமல் எந்த முடிவும் வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்ப இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

அடுத்து, தனியாக இருப்பதில் நிம்மதியான பிள்ளை. கூப்பிட்டால் வரும், விளையாடும், முடிந்ததும் தன் புத்தகத்துக்குத் திரும்பும். முகத்தில் வாட்டம் இருக்காது. இதை நோண்ட வேண்டாம்.

பயந்த பிள்ளை வேறு. விளையாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருக்கும், உள்ளே போகாது, ஆனால் வீட்டுக்கும் போகாது. கால் அங்கேயே நிற்கும், கண் ஆட்டத்தில் இருக்கும். ஆசை இருக்கிறது, பயம் தடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பிற்காலச் சமூகப் பதற்றத்துக்குப் போகும் வழி இது.

ஆட்டிசச் சாயல் உள்ள பிள்ளைக்குச் சிக்கல் விதிகளில். பேசத் தொடங்கினால் ரயில் நேர அட்டவணை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தும். எதிரில் இருப்பவர் சலித்துப்போனது தெரியாது.

கடைசியாக, வீட்டில் கிளி மாதிரிப் பேசும், பள்ளியில் ஒரு சொல் வராது. ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் (பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது) தேர்வுப் பேச்சின்மை என்று சந்தேகிக்க வேண்டும். 2013இலிருந்து இதைப் பதற்ற நோய்களோடுதான் சேர்த்திருக்கிறார்கள். அடம் என்று நினைத்து அடிப்பது கொடுமை. ஆங்கில வழிப் பள்ளியில் மொழி புரியாமல் வாய் மூடியிருக்கும் பிள்ளையை இதில் சேர்க்காதீர்கள்.

சாக்பீஸ்

அந்தக் கடைசி வகைக்கு வகுப்பாசிரியர் என்ன செய்வது?

கிளிப்பேச்சு

படிப்படியாக நுழைவது. வாரம் மூன்று நாள், 10–15 நிமிஷம், ஒவ்வொரு படியும் சிக்கலில்லாமல் இரண்டு முறை நடந்த பிறகே அடுத்தது.

1. பள்ளி விட்ட பின் காலி வகுப்பறை. அம்மாவும் பிள்ளையும் மட்டும். கதவு சாத்தியிருக்கும். 1 முதல் 10 வரை மாறி மாறி எண்ணுவார்கள்: அம்மா ஒன்று, பிள்ளை இரண்டு.
2. அதே எண்ணிக்கை, கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கும். ஆசிரியர் வெளியே வராந்தாவில்.
3. ஆசிரியர் வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு.
4. உள்ளே, தூரத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறார். பிள்ளையைப் பார்க்கவில்லை.
5. மேசைக்குப் பக்கத்தில். பிறகு எண்ணும் வட்டத்தில் மூன்றாவது ஆளாக.
6. அம்மா மெதுவாகப் பின்வாங்கி வாசலுக்கு, வராந்தாவுக்கு.
7. எண்ணிலிருந்து கிழமைகள், பழங்கள், பிறகு சின்னக் கேள்விகள். அதன்பின் ஒரு தோழி உள்ளே வருவாள்.

குரல் நின்றுபோனால் ஒரு படி கீழே இறங்குங்கள். ஏன் நின்றது என்று பிள்ளையைக் கேட்காதீர்கள்.

பகலில் வகுப்பில்: கேள்வியைக் குறைத்து நீங்களே விவரியுங்கள் ("ஓ, பச்சைக் கலர் எடுத்திருக்கே"). கேட்டால் தெரிவு கொடுத்துக் கேளுங்கள்: "இட்லியா, பொங்கலா?" ஆமாம்–இல்லை கேள்விக்குத் தலையாட்டல்தான் வரும். கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். நாம் இரண்டாவது நொடியிலேயே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

பெரிய விபத்து எது தெரியுமா? பிள்ளை முதல் சொல் பேசியதும் "அட, பேசிட்டாளே! எல்லாரும் கைதட்டுங்க!" அதோடு மூன்று மாத உழைப்பு போச்சு. சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். "பேசினால் சாக்லேட்" என்பதும் அழுத்தம்தான்.

ஐந்தாம்பெஞ்ச் (சிறப்பாசிரியர்)

தள்ளப்பட்ட பிள்ளை பக்கம் வருவோம், இழை கூச்சத்தோடு நின்றுவிடக் கூடாது.

தள்ளப்பட்டவர்களில் ஒரு பெரும் பகுதி கைநீட்டும் பிள்ளைகள். டாட்ஜ் காட்டிய விஷயம்: எதிரில் இருப்பவர் தெரியாமல் செய்ததையும் வேண்டுமென்றே செய்தது என்று வாசிப்பார்கள். முதுகில் பந்து பட்டது. மற்ற பிள்ளை திரும்பிப் பார்த்து "டேய், பார்த்து" என்று சொல்லும். இவன் அடித்துவிடுவான். அடித்ததால் மற்றவர்கள் உண்மையாகவே எதிரியாகிறார்கள். அவன் சந்தேகப்பட்டது சரியென்று நிரூபணமாகிவிடுகிறது. இந்தச் சக்கரத்தை "நல்ல பையனா இரு" என்ற அறிவுரை அசைக்காது.

அசைப்பது பயிற்சி. 12 அட்டைகள் எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் தட்டிவிடப்பட்டது, பெஞ்சில் இடம் விடவில்லை, பார்த்துச் சிரித்தார்கள், பேனாவைக் காணோம் இப்படி. ஒவ்வொரு அட்டைக்கும் வரிசை மாறாமல் கேளுங்கள்: கண்ணால் பார்த்தது என்ன (நினைத்ததைச் சொல்லக் கூடாது)? வேறு என்ன மூன்று காரணம் இருக்கலாம்? உனக்கு இப்போது வேண்டியது என்ன? அதற்கு என்னென்ன வழி? ஒவ்வொன்றிலும் அடுத்து என்ன நடக்கும்? பிறகு நடித்துப் பார்ப்பது. ஒரு அமர்வுக்கு இரண்டு அட்டை போதும். "வேறு மூன்று காரணம்" என்ற இடத்தில்தான் திணறுவார்கள். நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

கவனிக்க: இப்படிப்பட்ட ஐந்தாறு பேரை ஒன்றாக உட்காரவைத்துக் "குழுப் பயிற்சி" நடத்தாதீர்கள். ஒருவன் சொல்லும் வீரக்கதைக்கு மற்றவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பே பரிசு. டிஷன், மெக்கார்ட், பூலின் 1999இல் எழுதியது இதைத்தான்: பயிற்சிக்குப் பின் சில குழுக்களில் நடத்தை மோசமானது. ஒரு பிள்ளை, இரண்டு சாதாரணப் பிள்ளைகள் என்ற கலவையே சரி.

தாயக்கட்டை

ஆட்டத்தில் நுழையத் தெரியாததும் ஒரு பெரிய சிக்கல். புட்டாலஸ், காட்மன் இருவரும் 1981இல் பார்த்தது: தள்ளப்படும் பிள்ளைகள் நுழையும்போது தன்னைப் பற்றிச் சொல்லும், ஆட்ட விதியைத் திருத்தும், கேள்வி கேட்டு ஆட்டத்தை நிறுத்தும். விரும்பப்படும் பிள்ளை ஆட்டத்தின் ஓட்டத்தோடு சேர்ந்துகொள்ளும்.

கற்றுக்கொடுக்கும்போது: இரண்டு மூன்று கை தூரத்தில் நின்று என்ன ஆட்டம், எத்தனை பேர், எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று பார். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல் ("நல்ல கேட்ச்!"). ஓவர் முடிந்த இடைவெளிக்குக் காத்திரு. ஆள் குறைந்த பக்கத்திடம் "நான் வரட்டா?" என்று கேள். "வேண்டாம்" என்றால் "சரி" என்று நகர்ந்து இன்னொரு கூட்டத்துக்குப் போ. எல்லோருக்கும் பிடித்த பிள்ளையையும் சேர்க்க மாட்டேன் என்பது உண்டு, அது சாதாரணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. "பந்து பொறுக்கிப் போடு, சேர்த்துக்கறோம்" என்பதற்கு ஒரு நாள் சரி. ஒரு வாரம் ஆகியும் அதே வேலை என்றால் அது சேர்த்துக்கொண்டது ஆகாது. வேலைக்காரனாக வைத்துக்கொண்டது.

தெற்குவீதி

எல்லோரும் பிள்ளைக்குத் திறமை கற்றுக்கொடுப்பதையே பேசுகிறீர்கள். வகுப்பு ஏன் தள்ளுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே? நம் ஊரில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் டம்ளரில் யார் தண்ணீர் குடிப்பது என்பதை ஊர்தான் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறது. சாதியால் தள்ளப்படும் பிள்ளையிடம் போய் "நுழையும் முறை" கற்றுக்கொடுப்பது அவமானம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு கூடாது, இருக்கை அகர வரிசையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. அதிலிருந்து தொடங்குங்கள்.

வேப்பம்பூ

நீங்கள் சொல்வது சரி. வட்டமிட்ட தாளைப் படிக்கும்போது இதையும் பார்க்க வேண்டும்: குறைந்த சராசரி பெற்றவர்கள் எல்லோரும் ஒரே தெரு என்றால், அது பிள்ளையின் சிக்கலே இல்லை. அங்கே தலையிட வேண்டியது இருக்கை, தண்ணீர், சாப்பாட்டு வரிசை, ஆசிரியர் வாய் ஆகிய நான்கிலும்.

ஆசிரியர் வாய் என்று சொன்னது தெரிந்தேதான். வகுப்பில் "ஏய் கருப்பா", "குண்டு", "ஊமை" என்று ஒருமுறை நாம் கூப்பிட்டால், அந்தப் பெயருக்கு உரிமம் கொடுத்தாகிவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

கரும்பலகை

சீண்டுபவனையும் சீண்டப்பட்டவனையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைக்கலாமா? எல்லாப் பள்ளியிலும் இதுதான் நடக்கிறது.

ஐந்தாம்பெஞ்ச்

வேண்டாம். சமபலம் உள்ள இருவர் சண்டைக்குத்தான் சமரசம். சீண்டலின் இலக்கணமே பலம் சமமில்லாமல் இருப்பதும் திரும்பத் திரும்ப நடப்பதும். நார்வேயில் ஓல்வியஸ் வகுத்தது அது. சமரசம் பேசும்போது அடிபட்டவனும் "என் தப்பும் கொஞ்சம்" என்று சொல்ல வேண்டி வரும். வெளியே போனதும் மிச்சம் விழும்.

இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு சுற்றி நிற்பவர்கள். ஃபின்லாந்தில் சால்மிவல்லி 1996இல் பிரித்துக் காட்டினார்: கூடச் சேர்ந்து அடிப்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்றுபவர். அங்கே 2009இல் நாடு முழுவதும் கொண்டுவந்த கீவா என்ற சீண்டல் தடுப்புத் திட்டம் இந்தச் சுற்றி நிற்பவர்களைத்தான் குறிவைக்கிறது. மூன்று நான்கு பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு "அவனுக்கு இந்த வாரம் நீ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்து வரட்டும்: பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறேன், சிரிக்க மாட்டேன். ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நடக்காது.

பழைய_மணி

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? 40 பிள்ளை, ஒரு ஆசிரியர், அதில் தேர்தல் பணி வேறு.

வேப்பம்பூ

ஒரு நண்பன். வகுப்புக்கே பிடித்தவனாக ஆக்க முயல வேண்டாம், அது நடக்காது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு நட்பு போதும். ஹாட்ஜஸ் முதலியோர் 1999இல் காட்டியது: நெருங்கிய நண்பன் இருக்கும் பிள்ளைக்குச் சீண்டலால் வரும் மனச்சிக்கல் கூடிக்கொண்டே போகவில்லை.

ஜோடி சேர்க்கும் முறை: வகுப்புத் தலைவனையோ "ரொம்ப நல்ல பொண்ணு"வையோ போடாதீர்கள், அது செவிலி வேலையாகிவிடும். வட்டமிட்ட தாளின் சராசரியில் நடுவில் இருப்பவர், அந்தப் பிள்ளைக்கு 3 அல்லது 4 வட்டமிட்டவர், முடிந்தால் ஒரே தெரு அல்லது ஒரே பஸ். இருவர் கை இல்லாமல் முடியாத வேலை கொடுங்கள்: நூலகப் புத்தகம் அடுக்கிப் பதிவது, தோட்டத்துக்குத் தண்ணீர். 15–20 நிமிஷம், வாரம் மூன்று முறை, 6 வாரம். "அவனோட ஃப்ரெண்டா இரு" என்று வாயால் சொல்லவே கூடாது.

நூல்கண்டு

வளர்ந்துவிட்டவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்கு?

மருந்துச்சீட்டு

சமூகப் பதற்ற நோய்க்குத் தனிநபர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் முதல் தெரிவு. கிளார்க், வெல்ஸ் 1995இல் வகுத்த வழியில் சுமார் 14 அமர்வுகள். மருந்து வேண்டுமென்றால் எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின், மருத்துவர் எழுதிக் கொடுத்து மட்டும்.

உள்ளே என்ன நடக்கும்? கவனம் முழுக்கத் தன் மேல் திரும்பியிருப்பதும், பாதுகாப்புக்காகச் செய்யும் தந்திரங்களும்தான் நோயைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன: வாக்கியத்தை மனதில் ஒத்திகை பார்ப்பது, டம்ளரை இரண்டு கையால் பிடிப்பது, கண்ணைப் பார்க்காதது. ஒரே உரையாடலை ஒருமுறை தந்திரங்களோடு, ஒருமுறை இல்லாமல் செய்து வீடியோவில் பார்க்க வைப்பார்கள். பிறகு, பதற்றம் வரும்போது மனதில் ஓடும் படம் எந்த வயதுடையது என்று தேடினால் பலருக்கும் பள்ளியில் போய் நிற்கும். அந்த நினைவை இன்றைய வயதோடு மறுபடி நடத்திப் பார்க்கும் முறையும் உண்டு. பள்ளிக் காயத்துக்கு நேராகக் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

சாக்பீஸ்

எப்போது வெளியே அனுப்புவது?

மருந்துச்சீட்டு

பலம்–சிரமம் வினாப்பட்டியல் (SDQ) தமிழில் கிடைக்கிறது, 25 கேள்வி, பத்து நிமிஷம். சகவயதினர் சிக்கல் பகுதியில் 10க்குப் பெற்றோர் தாளில் 4, ஆசிரியர் தாளில் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் வகுத்த கோடு அது, சற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

எண் எதுவானாலும் உடனே அனுப்ப வேண்டியவை: திங்கட்கிழமை காலை மட்டும் வரும் வயிற்றுவலியும் விடுப்பும் தொடர்வது, தூக்கமும் சாப்பாடும் குறைவது, கையில் கீறல், "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற பேச்சு. கடைசி இரண்டில் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது உண்மையில்லை. பிள்ளையைத் தனியே விடாதீர்கள், பெற்றோரை அன்றே வரவழையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும். வீட்டிலேயே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

கரும்பலகை

வட்டமிடும் தாளை எத்தனை நாள் கழித்து மறுபடி எடுப்பது?

வேப்பம்பூ

எட்டு வாரம். அதே பட்டியல், அதே கிழமை, அதே பீரியட். சராசரி அரைப் புள்ளி ஏறினாலே நல்ல செய்தி. ஏறாவிட்டாலும் "பிடித்த மூவர்" பகுதியில் அந்தப் பெயரை ஒருவர் எழுதியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அரையாண்டு விடுமுறை நடுவில் வந்தால் பள்ளி திறந்து இரண்டு வாரம் போகட்டும்.